பிரேக் ஏழுமலை மேல் தப்பில்லை

வந்தவாசியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்துக்கு முகூர்த்தப் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பெண்ணின் அத்தை கரையை மட்டும் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா கனமாத்தான் இருக்குது" என்றார். அப்போதுதான் போன் வந்தது. ஏழுமலையின் ஷெட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் தணிகாசலம். "சார், பிரேக் ஏழுமலை பூட்டாருங்க. காலைல வந்து ஷெட்டைத் தொறந்தாரு. மாருல கைய வச்சிகினு அப்டியே உக்காந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சி போச்சி." புடவையை மடிக்கக்கூடத் தோன்றாமல் எழுந்துவிட்டேன். அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

உங்களில் பலரும் அன்று அவர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வேன் ஓட்டும் ஒருவர், பேர் வேண்டாம், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "நல்ல வேலைக்காரன்பா. கை சுத்தம். சாரோட காண்டஸா காரு விஷயத்துலதான் தவறிட்டான். அதோட பேர் கெட்டுப் போச்சி." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஆறுதலாகத் தலையாட்டினார். ஆறுதல் எனக்காம்! அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? திறக்கவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

பால் தெளித்த அன்று அவர் மனைவி மல்லிகா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பதினாறாம் நாளு படத்தெறப்பு வச்சிருக்கோம் மொதலாளி. நீங்கதான் பேசணும்" என்றார். "நான் எதுக்கும்மா? அவரோட சொந்தக்காரங்க யாராவது பேசட்டுமே" என்றேன். "இல்ல. நீங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நின்று பேசினால் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, தொண்டை அடைத்ததுபோல் உட்கார்ந்து தப்பித்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதி, அச்சடித்து, உங்கள் கையில் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை "மொதலாளி" என்பார். நான் அவரை "வாய்யா, போய்யா" என்பேன். இந்தக் காகிதத்தில்தான் முதல் தடவையாக "அவர்" என்று எழுதுகிறேன். இந்த மரியாதைக்கு ஒரு ஆள் செத்துப்போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

போளூர் சாலையில் ஒரு சிற்றூரில் கூலி வேலைக்குப் போன குடும்பம் அவருடையது. பஸ் டிப்போவில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து பிரேக் வேலை கற்றுக்கொண்டு, ஆரணியில் தகரக் கூரை போட்டு ஷெட் வைத்தார். எஞ்சின் பார்க்க மாட்டார், கியர் பார்க்க மாட்டார். கேட்டால், "ஓட வைக்கறதுக்கு ஊரு பூரா ஆளு இருக்குது. நிறுத்தறத நான் பாத்துக்கறேன்" என்பார்.

வேலை முடிந்த வண்டியை அவர் எப்படிக் கொடுப்பார் என்பது ஊருக்கே தெரியும். வீட்டுக்கு ஆள் அனுப்பி மல்லிகாவை வரவழைப்பார். அந்த அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து முன் சீட்டில் உட்கார வேண்டும். இரண்டு கிலோமீட்டர் வேகமாகப் போய், நாலு இடத்தில் பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டுத் திரும்பி வருவார்கள். அதற்குப் பிறகுதான் சாவி நம் கைக்கு வரும். ஒருமுறை எனக்கு அவசரம். "இன்னாய்யா இது பேஜாரு, சாவியக் குடுய்யா" என்று கத்தினேன். "எம் பொண்டாட்டிய உக்கார வச்சி ஓட்டிப் பாத்துட்டுத்தான் உங்க பொண்டாட்டிய உக்கார வைப்பேன் மொதலாளி" என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தார். "எனுக்கு மட்டும் உசுரு வெல்லம் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினார்.

இனி காண்டஸாவுக்கு வருகிறேன். நான் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவன். சின்ன வயதில் பெரிய பட்டு வியாபாரி ஒருவர் நீளமான மூக்கு வைத்த அந்தக் காரில் வந்து இறங்கினால், என் அப்பா தறியை விட்டு எழுந்து நிற்பார். அந்த ஆங்காரத்தில், கையில் காசு வந்ததும் ஒரு பழைய காண்டஸாவைத் தேடிப் பிடித்து வாங்கினேன். பின்னாளில் வந்த மாடல். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். என் மகன் அதை "நம்ம நாட்டு மசில் காருப்பா" என்பான். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

நாலு வருடத்துக்கு முன், பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. ஏழுமலை சக்கரத்தைக் கழற்றி, அதோடு சுற்றுகிற இரும்புத் தட்டை, டிஸ்க்கைக் காட்டினார். நான் சும்மா இருப்பேனா? பட்டு நூலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் எத்தனை இழை என்று சொல்லிவிடுகிற கை இது. அந்தக் கர்வத்தில், குனிந்து டிஸ்க்கின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "கெட்டியாத்தான்யா இருக்குது. அப்டியே மாட்டு" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு ரூபாய்க் காசு இரண்டை எடுத்தார். டிஸ்க்கின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஓரத்தைத் தாண்டி உள்ளே வைத்து அழுத்திக்கொண்டு, காசோடு சேர்த்து வெர்னியர் அளவுகோலால் அளந்தார். பிறகு இரண்டு காசின் கனத்தைக் கழித்தார். "பிரேக் கட்டை ஒரசற எடம்தான் மொதலாளி தேயும். ஓரத்துல கட்டை படாது, அது புதுசாவே நிக்கும். நீங்க புடிச்சது அத்த. உள்ள பாருங்க, அப்பளம் மாரி ஆயிடுச்சி. கரை கனமா இருக்குதுன்னு பொடவைய வாங்குவீங்களா நீங்க?" என் தொழிலிலேயே என்னை மடக்கிவிட்டார். சாக்கட்டியை எடுத்து டிஸ்க்கின் மேல் "ஆவாது" என்று எழுதினார்.

மாற்று டிஸ்க் தேடியது ஒரு தனிக் கூத்து. லேத்தில் கொடுத்துச் சீவலாம் என்றேன். "சீவறதுக்கு அதுல சதை ஏது?" என்றார். மகன் இணையத்தில் பார்த்து ஒரு ஜோடி வரவழைத்தான். முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு, சுற்றிலும் வரிசையாகத் துளைகள். எனக்கு ஒரே சந்தோஷம். ஏழுமலை அதைச் சாக்கின் மேல் வைத்து, நடு ஓட்டையை அளந்தார், போல்ட் ஓட்டைகளின் இடைவெளியை அளந்தார், கடைசியாக உயரத்தை அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உசரம் ரெண்டு மில்லி ஜாஸ்தி. பக்கத்துல ஒரசும். அப்புறம், இத்தினி ஓட்டை எதுக்கு? சூட்டத் தாங்கறது இரும்பு. நம்ம வண்டியோ யான கனம். அழகு பாக்கறதுக்கு ஜன்னல் வைங்க, டிஸ்க்குல வேணாம்." கடைசியில் கோயம்புத்தூரில் ஒருவர் அதே அளவில், துளை கிளை எதுவும் இல்லாமல், புது வார்ப்பில் கடைந்து தருவதாக ஒப்புக்கொண்டார். மூன்று வாரம் ஆகும். "காத்துகினு இருங்க. வண்டிய நவுத்தறதுக்காகப் பழசையே மாட்டி வச்சிருக்கேன். ரோட்டுக்கு எடுக்கக்கூடாது" என்றார். எனக்கு எதிரிலேயே சாவியை ஆணியில் மாட்டினார்.

மூன்று வாரத்துக்கு நடுவில் போளூரில் என் மனைவி கமலாவின் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. சம்பந்தி வீட்டார் எல்லோரும் வாசலில் நிற்க, நான் ஆட்டோவிலா போய் இறங்குவது? ஞாயிற்றுக்கிழமை, ஏழுமலை தேவிகாபுரத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். வண்டி ஷெட்டுக்கு வெளியே நின்றது. வீட்டில் இன்னொரு சாவி இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு டிஸ்க்கின் ஓரத்தை மறுபடியும் பிடித்துப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. "எல்லாம் ரெடி ஆயிடுச்சி, ஜல்தி கெளம்பு" என்று கமலாவிடம் சொன்னேன். அது பச்சைப் பொய்.

வேகத்தடைக்கு வேகத்தடை பிரேக்கை மிதித்தேன். பாதி வழியில் தீய்ந்த வாசனை வந்தது. வயலில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். போளூருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. மிதித்தேன். பெடல் சொதசொதவென்று தரைவரைக்கும் போய்விட்டது. முன்னால் நின்ற டிராக்டரின் வேர்க்கடலை மூட்டைகள் மேல் போய் மோதினோம். அந்த மூட்டைகள் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். கமலாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. இன்றைக்கும் அவளால் குடத்தைத் தூக்க முடியாது.

கூட்டம் கூடியது. "பிரேக் பாக்க மாட்டீங்களா சார்?" என்று யாரோ கத்தினார். அப்போது நான் சொன்னது இதுதான்: "பிரேக் ஏழுமலை ஷெட்டுலேருந்துதாங்க எடுத்துகினு வரேன்." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மாலைக்குள் ஆரணி முழுக்கப் பேச்சு பரவிவிட்டது.

ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். கமலாவின் அண்ணன் அவரை வாசலிலேயே நிறுத்தி, "இன்னா வேலைய்யா பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர், "அக்காவுக்குக் கை எப்டி இருக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதமே பள்ளிக்கூட வேன்காரர்கள் அவரிடம் வருவதை நிறுத்தினார்கள். பிள்ளைகளை ஏற்றுகிறவர்களை என்ன சொல்ல முடியும்? கார்கள் நின்ற ஷெட்டில் பிறகு ஸ்கூட்டர்களும் மொபெட்டுகளும்தான் நின்றன.

புது டிஸ்க் வந்ததும் அவரே மாட்டினார். மல்லிகாவை வரவழைத்து ஓட்டியும் பார்த்தார். அன்று மல்லிகா சிரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. ஏழுமலை, கழற்றிய பழைய டிஸ்க்கில் ஒன்றை என் கையில் கொடுத்து, "இத்த நீங்களே வச்சிக்கோங்க மொதலாளி" என்றார். ஒரே ஒரு முறை, ஒரு வருடம் கழித்து, தணிகாசலம் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்றேன்யா. நேரம் வரட்டும்" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. நானும் நேரம் வரட்டும் என்றே இருந்தேன். இவ்வளவு கோழையாக ஒருவன் நாலு வருடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிய முடியுமா? முடிந்திருக்கிறது.

இதுவரை எழுதியதை முந்தாநாள் கமலாவிடம் படித்துக் காட்டினேன். அவள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, "நாலு வருஷமா அந்த மனுஷனத் திட்டிகினு இருந்தேனே" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நேற்று மல்லிகாவிடம் போய்ப் படித்தேன். அழுவார், திட்டுவார், செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனுக்குத் தெரியும்" என்றார்.

"ஏழுமலை சொன்னாரா?"

"அவரு எங்க சொன்னாரு? நீங்க எடுத்துகினு போறதுக்கு முன்ன அந்த வண்டில நான் உக்காரவே இல்லியே மொதலாளி. நான் உக்காராத வண்டிய அவரு குடுப்பாரா? ஊர்ல பத்துப் பேருகிட்ட சொன்னேன். புருஷனுக்குப் பரிஞ்சிகினு பேசறேன்னு சிரிச்சாங்க. நீங்க சொன்னாதான் ஊரு நம்பும். அதான் உங்களப் பேசச் சொன்னேன்."

ஏழுமலை கொடுத்த டிஸ்க் என்னிடம் இருக்கிறது. சாக்கட்டி எழுத்து எப்போதோ அழிந்து, துரு ஏறிவிட்டது. படத்திறப்பு அன்று அதை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன், இரண்டு காசுகளோடு. வருகிறவர்கள் ஓரத்தையும் பிடித்துப் பாருங்கள், உள்ளேயும் அளந்து பாருங்கள். அது முடிந்ததும் வீட்டுக்கு எடுத்து வந்து, நான் சாகும்வரை என்னிடமே வைத்திருப்பேன். நீங்கள் எனக்காக ஒன்று செய்தால் போதும். இனிமேல் யாராவது ஏழுமலை அந்தக் காண்டஸாவில் தவறிவிட்டார் என்று சொன்னால், என் பேரைச் சொல்லி இதைச் சொல்லுங்கள்: அந்த வண்டியில் மல்லிகா உட்காரவில்லை.