நம்பற்க, பரப்பற்க

போர்வை விற்க வந்தவரைக் கூட்டத்திடமிருந்து மீட்டவன் நான் என்று எங்கள் ஊரில் இப்போது சொல்லி வருகிறார்கள். அவ்வாறு சொல்வோரிடம் பலமுறை மறுத்துவிட்டேன். அதனையும் அடக்கம் என்றே கொள்கிறார்கள். அவர் பட்ட அடியில் எனக்கும் பங்குண்டு. எனக்குப் பின் இப்பொய்ப்புகழ் மட்டும் எஞ்சி நிற்றல் தகாது என்பதால், நடந்ததை நடந்தவாறே எழுதி வைக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கீரமங்கலத்திற்கு அருகே, தென்னையும் மல்லிகையும் விளையும் சிற்றூரில் வாழ்கிறேன். ஊரார்க்கெனப் புலனக்குழு ஒன்று உண்டு. வாட்சப் குரூப் என்றால்தான் அவர்களுக்கு விளங்கும். பூவின் விலை, மின்தடை, இறப்புச் செய்தி யாவும் அதில் வரும். பிறர் எழுதும் பிழைகளை அங்கேயே திருத்துவது என் வழக்கம். ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று எழுதிய ஒருவரை, சாவுச் செய்தியின் கீழேயே ‘இரங்கல்’ எனத் திருத்தியிருக்கிறேன். எவரும் ஒரு சொல்லும் மறுத்ததில்லை. அதனை மதிப்பென்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டுக் கோடையில் குழுவிற்கு ஒரு குரற்பதிவு வந்தது. வடநாட்டுக் கும்பலொன்று போர்வை விற்பதுபோல் வந்து குழந்தைகளைத் தூக்கிச் செல்கிறது, கறம்பக்குடியில் இரண்டு பிள்ளைகளைக் காணவில்லை என்றது அது. பேசியவர் யாரென்று எவருக்கும் தெரியவில்லை. கறம்பக்குடியில் வாழும் என் தமக்கை மகனை அழைத்துக் கேட்டேன்.

“இங்க ஒண்ணும் காணாமப் போகலையே மாமா. எங்களுக்கு வந்ததுல பொன்னமராவதின்னுல்ல இருந்துச்சு” என்றான்.

உடனே குழுவில் எழுதினேன்: “பிள்ளை பிடிப்போர் வந்துளர் என்னும் இச்செய்தியை நம்பற்க, பரப்பற்க.” நம்பாதீர், பரப்பாதீர் என்பது பொருள். சொற்கள் இரண்டும் இணையாக அமைந்த நிறைவோடு உணவருந்தச் சென்றேன். கட்டைவிரல் உயர்த்திய படங்கள் வரிசையாக வந்தன.

மறுநாள் முற்பகலில் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் இரைச்சல் எழுந்தது. சென்று பார்த்தபோது, முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை மின்கம்பத்தோடு நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து குருதி மோவாயில் வழிந்திருந்தது. அவிழ்ந்த மூட்டையின் போர்வைகள் புழுதியில் கிடந்தன. நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றனர். ஓர் இளைஞன் கையில் பச்சைத் தென்னைமட்டை இருந்தது. என்னைக் கண்டதும் வழி விட்டார்கள்.

தேநீர்க் கடைக்காரர் முன்னே வந்தார். “வாங்கய்யா. நல்லவேளை நீங்க எழுதுனீங்க. இல்லாட்டி இவனைச் சும்மா விட்டுருப்போம்.”

“நான் என்ன எழுதினேன்?”

கைப்பேசியை நீட்டிக் காட்டினார். “நம்பற்க, பரப்பற்க. வாழ்க, வருகங்குற மாதிரி. நம்புங்க, பரப்புங்கன்னு சொல்லியிருக்கீங்க. நானே எட்டு குரூப்புக்குப் பரப்பிட்டேங்கய்யா.”

“அது எதிர்மறை வியங்கோள்” என்று தொடங்கினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், “ஐயா பாடம் எடுக்குறாரு, எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுக் கேளுங்கடா” என்றது. சிரித்தார்கள்.

இனி எழுதப்போவதை எவரும் அறியார். அப்போது என் உள்ளத்தில் வேறொரு வழி தோன்றிற்று. ‘நேற்று அப்படித்தான் செய்தி வந்தது, இன்று பொய்யென்று தெரிந்துவிட்டது, அவிழ்த்து விடுங்கள்’ என்று சொல்லிவிடலாம். அவரும் பிழைப்பார், என் தமிழும் பிழைக்கும். அதனைச் சொல்வதா வேண்டாவா என்று நான் எண்ணிக்கொண்டிருந்த அச்சிறு பொழுதில் தென்னைமட்டை இறங்கியது. அவர் தோளில் பட்ட ஓசையைக் கேட்டேன். முன்னர்ப் பட்ட அடிகளுக்கு அறியாமையைச் சொல்லலாம். இவ்வொன்றுக்கு அவ்வாறு சொல்ல இயலாது.

“நம்பாதீங்க” என்று கத்தினேன். “நான் எழுதுனது நம்பாதீங்கன்னுதான். பரப்பாதீங்கன்னுதான். ஒங்களுக்கு வெளங்காம எழுதுனது என் தப்பு. இந்த ஆளு மேல ஒரு தப்பும் எனக்குத் தெரியாது.”

பொதுவிடத்தில் நான் அவ்வாறு பேசி எவரும் கேட்டதில்லை. கூட்டம் அடங்கியது. கடைக்காரர் கைப்பேசியை மறுபடி பார்த்தார்.

“அப்ப நம்பாதீங்கன்னே எழுதியிருக்கலாமுல்லங்க?”

“எழுதியிருக்கலாம்.”

மட்டை வைத்திருந்தவன் மட்டும் தளரவில்லை. “எழுத்து எப்புடியோ போகட்டும். புள்ளையத் தொட்டானா இல்லையா?”

அனைவரும் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். என் வீட்டிற்கு மூன்றாம் வீட்டுப் பெண் அவள். கணவன் அரபு நாட்டில் வேலை பார்க்கிறான். அவள் போட்ட கூச்சலில்தான் கூட்டம் கூடியது என்று பின்னர் அறிந்தேன். மகளை இடுப்பில் இறுக்கி வைத்திருந்தாள்.

“தண்ணிதான் கேட்டாரு” என்றாள். “குடுத்தேன். குடிச்சிட்டுப் பாப்பா தலையைத் தொட்டாரு. வாட்சப்புல பாத்த நெனப்புல நாந்தான் பயந்து கத்திட்டேன்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

பூக்கட்டும் கிழவி ஒருத்தி, “ஒம்புருசன் அங்கிட்டு எந்த வீட்டு வாசல்ல தண்ணி கேட்டு நிக்கிறானோ” என்று முணுமுணுத்தாள். அப்பெண் தலைகுனிந்தாள். கிழவி மீது எனக்குச் சினம் வந்தது. குழந்தையை எண்ணி அஞ்சும் தாயைக் குற்றம் சொல்ல நான் ஒருப்படேன். கேட்டறியாத ஒன்றை எட்டுக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டு, ‘சும்மா அனுப்பினேன்’ என்பவரைச் சொல்வேன். அனுப்புவதும் சொல்வதேயாம். ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் ஓர் ஆளை முடித்துவிடும் நம் பேச்சையும் சொல்வேன். அச்சொல்லை அன்று அங்கே நான் கேட்காத நொடியில்லை.

இளைஞன் மட்டையைக் கீழே போட்டான். “ஐயா சொன்னாச் சரி” என்றான். முதல் நாளும் இப்படித்தான் சொல்லியிருப்பான்.

கயிற்றை அவிழ்த்தோம். காவலர் வந்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். நானும் உடன் சென்றேன். அவர் மொழி எனக்குத் தெரியாது. தென்னைநார் ஆலையில் பணிபுரியும் அவர் மாநிலத்தவர் ஒருவர் தமிழ் பேசுவார் என்று அறிந்து வருவித்தேன். என்னைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதனைத் தம் மொழியில் சொன்னார். போர்வைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

“நீங்க அடிச்சீங்களான்னு கேக்குறாரு” என்றார் ஆலைத் தொழிலாளி.

“இல்லை.”

“பின்ன எதுக்குன்னு கேக்குறாரு. என்னங்க சொல்லட்டும்?”

இரண்டு சொற்களின் கதையை எம்மொழியில் சொல்லி விளக்குவது? தையலிடச் செவிலியர் வந்ததால் எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். வழக்கு வேண்டா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரு நாட்களில் அவர் ஊர்விட்டுச் சென்றார்.

தூய தமிழில் எழுதுவதை நான் கைவிடவில்லை. இதுவும் அந்நடையில் எழுதியதே. ஆயினும் அஞ்சி நிற்போர்க்குச் சொல்லும் எச்சரிக்கை அவர்கட்கு விளங்கவில்லையெனில், அது என் அணிகலனாகுமேயன்றி அவர்களுக்குக் காவலாகாது. என்னை அலைக்கழிப்பது மற்றொன்று. அக்குழுவில் இருந்தவருள் ஒருவரேனும் “ஐயா, இதற்கு என்ன பொருள்?” என்று வினவவில்லை. வினவியிருந்தால் போர்வைக்காரர் அடிபட்டிருக்க மாட்டார். கேட்டால் திருத்துவேன், பலர் முன்னிலையில் நாணுறுத்துவேன் என்பதை அவர்கள் நெடுநாள் முன்பே கற்றிருந்தார்கள். கற்பித்தவன் நான்.

இதில் நான் பிறழ உரைத்தது ஏதேனும் இருப்பின், அன்று அங்கிருந்தோர் எனக்கு முகம் பாராமல் சொல்ல வேண்டுகிறேன். ஏனையோர், விளங்காத இடம் ஒன்றிருந்தாலும் அது என் பிழையெனக் கொண்டு, இன்னது விளங்கவில்லை என்று எழுதுக. திருத்திக்கொள்வேன்.