பன்னிரண்டு விளக்குகள்

எங்கள் கல்லூரியின் பிராக்டிகல் தேர்வுக்கு வெளியூர் எக்ஸாமினர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எங்கள் புகழ் அப்படி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வந்தவர் உட்காரும்போதே, "சீக்கிரம் முடிச்சிடலாமா சார்? மிஸஸைப் பட்டுக் கடையில விட்டுட்டு வந்திருக்கேன்" என்றார்.

மைக்ரோபிராசஸர் டிசைன் லேப். குட்டியாக ஒரு பிராசஸரை மாணவர்களே வடிவமைத்து, போர்டில் ஏற்றி, கணக்குப் போட வைக்க வேண்டும். அன்றைய கணக்கு — ஐந்திலிருந்து ஒன்பதைக் கழிப்பது. விடை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் போர்டின் ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு எரியுமா, எரியாதா?

பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் 'எரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். லேப் மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து வரும் ரேவதி மட்டும் 'எரிகிறது' என்று எழுதியிருந்தாள். அரியர் எழுத வந்தவள். இந்த ஒரு பேப்பரில் பாஸானால்தான் கிடைத்த வேலையில் சேர முடியும்.

சிவப்பு மையில் சுழித்தேன்.

"சார், எரியுது சார்."

"மேனுவல்ல என்னம்மா போட்டிருக்கு?"

"போர்டைப் பாருங்க சார்... எரிஞ்சிக்கினு இருக்குது!" பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

பார்த்தேன். எரிந்தது. பக்கத்து மேஜையைப் பார்த்தேன். அங்கேயும்! பன்னிரண்டு மேஜையிலும் விளக்குகள், கல்யாண வீடு மாதிரி. அவற்றின் எதிரே உட்கார்ந்துகொண்டு பதினோரு பேர் 'எரியவில்லை' என்று அழகான கையெழுத்தில்... நானும் அத்தனைக்கும் டிக் போட்டு...

எக்ஸாமினர் மேனுவலைப் புரட்டினார். "இதை யார் சார் எழுதினது?"

'அச்சுப் பிழை' என்று வாய் வரை வந்தது. எட்டு வருஷமாக ஒரு மாணவனும் இதைக் கேட்டதில்லை. எதற்குக் கேட்பான்? மேனுவலோடு ஒத்துப்போனால்தான் மார்க் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே?

"நான்தான் சார். தப்பா எழுதியிருக்கேன்."

சுழியை அடித்துவிட்டு ரேவதிக்கு முழு மார்க் போட்டோம். மற்றவர்களுக்கு? என்னை நம்பிய குற்றத்துக்காக மார்க்கைக் குறைக்க மனசு வரவில்லை.

பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவள் சொன்னாள்: "போன வாட்டியும் இதேதான் சார் எழுதினேன். ரெண்டு மார்க்ல போச்சு."

போன வாட்டி திருத்தியதும் நான்தான்.

"தெரிஞ்சுமா மறுபடி எழுதினே?"

"எரியுதே சார். எரியலைன்னு எப்படி சார் எழுதறது?"

சுலபம்தான் அம்மா. எட்டு வருஷமாக அதற்கு டிக் போட்டிருக்கிறேன்.