வடக்கின் விடியல்

ஞானசுந்தரம் அண்ணை நோர்வேயின் வடகோடியில் ஒன்பது வருசம் மீன் ஆலையில் மீன் வெட்டியவர். பிறகு பாரிசுக்கு வந்து லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையலுக்கு நின்றார். அடுப்படியில் வேலை குறைந்தால் அங்கே இரவு வானத்தில் கண்ட ஒளியைக் கரண்டியால் காற்றில் வரைந்து காட்டுவார்: பச்சைத் திரை முதலில் அசையாமல் தொங்கும், பிறகு ஓரம் மடிந்து வானம் முழுக்க ஓடும். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களின் பக்கம் திருப்பிவிடுகிறது. அவை மேலே காற்றில் மோதினால் ஒட்சிசன் பச்சையாக ஒளிரும், இன்னும் உயரத்தில் சிவப்பாக. நைதரசன் ஊதா. எல்லாம் நோர்வே மொழிப் புத்தகங்களில் தானாகப் படித்தது.

2010இல் எங்கள் சங்கம் அவரைப் பேசக் கூப்பிட்டது. மேடை ஏறிப் பழக்கமில்லாத மனுசன் ஒரு மாதம் ஆயத்தம் செய்தார். நோட்டீஸ் எழுதியவர் செயலாளர் இராஜேந்திரன். அந்த ஒளியைப் பிரெஞ்சில் 'ஒரோர் போரெயால்' என்பார்கள். ஒரோர் விடியல், போரெயால் வடக்கு. அகராதி பார்த்து 'வடக்கின் விடியல்' என்று போட்டு, கீழே ஞானசுந்தரம் உரை என்று எழுதி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுக்க ஒட்டுவித்தார்.

இலங்கையில் போர் முடிந்து ஒரு வருசம். எங்களுக்கு வடக்கு என்றால் ஒரு வடக்குத்தான். அதற்கு விடிந்துவிட்டது என்று கொழும்பு அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம்.

நானும் அப்பாவும் கடையில் இருந்தபோது ஒருவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"விடிஞ்சிட்டுதாமே, அண்ணை. சனம் இன்னும் முகாமுக்குள்ளை கிடக்கு."

"நான் வானத்தைப் பற்றித்தான் கதைக்கப்போறன், தம்பி."

"ஓம், ஓம். எல்லாரும் வானத்தைத்தான் காட்டினவை."

பக்கத்து மேசையில் இராஜேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை அவரிடம் போனார்.

"தலைப்பு நீங்கள் போட்டதெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"பிறகு கதைப்பம், அண்ணை," என்று இராஜேந்திரன் அப்பளத்தை நொறுக்கினார்.

அந்தப் பிறகு வரவில்லை. கூட்டம் நடக்காமலே நின்றது. அண்ணையைத் துரோகி என்றார்கள். அவர் வேலையை விட்டு, பாரிசுக்கு வெளியே திரான்சியோடு ஒதுங்கினார். கரண்டியால் வரைவதையும் விட்டுவிட்டார்.

2024 மே மாதம் அந்த ஒளி பிரான்சின் வானத்துக்கே வந்தது. மறுநாள் இராஜேந்திரன் முகநூலில் படம் போட்டு, ஒட்சிசன், நைதரசன் என்று விளக்கமும் எழுதியிருந்தார். தலைப்பு 'வடதுருவ ஒளி'. சரியான சொல் இப்போது கிடைத்திருக்கிறது.

நான் கீழே எழுதினேன்: "2010இல் 'வடக்கின் விடியல்' என்று போட்டது நீங்கள். ஞானசுந்தரம் அண்ணை இல்லை."

அரை மணித்தியாலத்தில் அதை அழித்துவிட்டார். ஆகவே இங்கே எழுதுகிறேன்.