அக்கரையில் ரெஜினா, இக்கரையில் ஜீப்

காலை ஆறே முக்காலுக்கு அடைக்கலராஜ் ஜீப்பைக் கிளப்புகிறார். ஐந்து நிமிடம் உறும விடுகிறார். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டுப் பார்த்து, அதே வேகத்தில் எடுத்தும் விடுகிறார். பிறகு சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கி, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஆற்றைக் கடந்து அக்கரையில் இருக்கும் தன் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகிறார். ஜீப் இக்கரையிலேயே நிற்கிறது. பதினாலு மாதமாகப் பெரும்பாலான நாள் இப்படித்தான்.

“கெளப்பாம விட்டா பேட்டரி உக்காந்துரும்ல?” என்றார் என்னிடம். கேட்காத கேள்விக்கும் காரணம் சொல்லி வைப்பது அவர் வழக்கம்.

மலைமேல் கிளாவரைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் மண்பாதை மூன்று கிலோமீட்டர் இறங்கி இந்தக் காட்டாற்றில் முடிகிறது. அக்கரையில் பதினெட்டு வீடுகள், பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். பாலம் கிடையாது. “பாலம் எஸ்டிமேட்டுல கெடக்கு” என்பார் அடைக்கலராஜ், ஏதோ உறவுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடப்பதைப்போல. அறுபத்தொரு வயது. அதில் முப்பத்திரண்டு வருடம் இந்த ஆற்றில் ஜீப்பை இறக்கி ஏற்றியவர். பேசும்போது இடது கை சும்மா இராது. காற்றில் கியர் மாற்றிக்கொண்டே இருக்கும். சிரிப்பு வரும் பேச்சு என்றால் கை மூன்றுக்கும் நாலுக்கும் போகும். வருத்தமான பேச்சு வந்தால் முதல் கியருக்கு இறங்கிவிடும்.

ஆற்றுக்குள் ஜீப் போக ஒரே ஒரு தடம்தான் உண்டு. ஊர்க்காரர்கள் பட்டைக்கல் பரப்பிச் செய்த தடம். அதை விட்டு ஒரு சாண் விலக மாட்டார். தண்ணீருக்குள் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பவும் மாட்டார். வெள்ளம் ஏறியிருந்தால் முதலில் இறங்கி நடந்து பார்ப்பார். தண்ணீர் தொடையைத் தொட்டால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் வண்டியை இறக்குவார். இல்லாவிட்டால் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேலேயே அடித்துவிடுமாம். தடத்தின் ஓரத்துக் கற்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார். எப்போதும் முன்னால் வந்து நிற்கும் ஒரு கல்லுக்கு ‘உபதேசியார்’ என்று பெயர். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உண்மையான உபதேசியாருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். “தெரியும். அவருக்குச் சந்தோசந்தான்” என்றார்.

இந்த ஆற்றை வெளியூர்க்காரர்கள் கண்டுபிடித்தது ஐந்தாறு வருடம் முன்பு. பெரிய டயர் போட்ட ஜீப்புகள் சனி, ஞாயிறுகளில் வரிசையாக வந்தன. அவர்களுக்கு அக்கரையில் ஒரு சோலியும் இல்லை. ஆற்றுக்குள் இறங்கி வட்டம் போடுவார்கள். தண்ணீர் ஆளுயரத்துக்குத் தெறிக்கும். உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள். கரையில் ஒருவர் வீடியோ எடுப்பார். ஊர் குடிக்கிற ஊற்று அவர்கள் வட்டம் போடும் இடத்துக்குக் கீழேதான். திங்கட்கிழமை குடத்தில் மொண்டால் சேறும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணியதில் நாற்பத்தேழு ஜீப்.

கிராம சபையில் மனு எழுதியபோது வாசகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர் அடைக்கலராஜ்தான். ‘எந்த மோட்டார் வாகனமும், எக்காரணம் கொண்டும்’ என்று கோபத்தில் அடித்துச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த சிவமுருகன், “அண்ணே, நம்ம ஜீப்பு?” என்று பேனாவை நிறுத்திக் கேட்டிருக்கிறார். கூட்டமே சிரித்திருக்கிறது. ஊர் ஜீப்பை ஊரில் யாரும் வண்டிகளோடு சேர்த்து எண்ணியதில்லை. அம்மி, உரல்போல அது வீட்டுச் சாமான். “அது நம்ம காலு மாதிரிடா, எழுது வெரசா” என்றாராம் இவர்.

மனு கொடுத்தால் கிணற்றில் போட்ட கல் என்று பழகிப்போன ஊர். இந்த ஒரு மனுவுக்கு மட்டும் நாலே மாதத்தில் உத்தரவு வந்துவிட்டது. இவர் சொன்ன வாசகம் ஓர் எழுத்துக் குறையாமல் தகர போர்டில் ஏறியது. ஆற்றுப் படுகைக்குள் எந்த மோட்டார் வாகனமும் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது, மீறினால் பறிமுதல். காவலுக்குக் கந்தவேல் என்ற தற்காலிகப் பணியாளரையும் போட்டார்கள். போர்டு நட்ட அன்று அடைக்கலராஜின் ஜீப் இக்கரையில் நின்றிருந்தது. நின்றது நின்றதுதான்.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அவருடைய மனைவி ரெஜினா வத்தலக்குண்டில் இடுப்பு எலும்புக்குத் தகடு வைத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். சமதரையில் கைத்தாங்கியோடு மெல்ல நடப்பார். முழங்கால் தண்ணீரில், பாசிக் கல்லில் நடக்க முடியாது. அன்றிலிருந்து அவர் இக்கரைக்கு வரவில்லை. டோலி கட்டித் தூக்கிப்போகிறோம் என்று ஊர்ப் பையன்கள் சொன்னபோது, “நாலு பேரு தூக்குற அன்னிக்குத் தூக்கலாம், இப்ப என்ன அவசரம்?” என்று சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

இக்கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்தோனியார் கோயிலில் இருபத்தாறு வருடம் பாட்டை எடுத்துக் கொடுத்தவர் ரெஜினா. கொடியேற்றத்தன்று கயிறு அசையும்போது முதல் அடியை அவர்தான் தனியாகப் பாடுவார். இரண்டாம் அடியில்தான் கூட்டம் சேரும். போன வருடம் ஒலிபெருக்கியில் ஏதோ பதிவைப் போட்டார்களாம். “கொடி ஏறிருச்சு. ஆனா ஏறுன மாதிரி இல்ல” என்றார் அடைக்கலராஜ். கை முதல் கியரில் இருந்தது.

பிறகு உத்தரவில் ஒரு தளர்வு வந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஊர் ஜீப்புகள் மூன்று மட்டும், போட்ட தடத்தில் மட்டும், விளைபொருள் ஏற்றிக் கடக்கலாம். ஆள் ஏற்றக் கூடாது. ஆளை விட்டால் அந்தச் சாக்கில் சுற்றுலாக்காரர்கள் ஏறிவிடுவார்களாம். உயிருக்கு ஆபத்தான நோயாளி என்றால் மட்டும் விலக்கு. சட்டம் எழுதுகிறவர்கள் ஆற்றை வரைபடத்தில் பார்க்கிறார்கள், ஆளைப் பட்டியலில் பார்க்கிறார்கள். யாரைக் குறை சொல்வது? ‘நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று உத்தரவு போட்ட அலுவலகத்தில் ஒரு நல்ல மனிதர் சொல்லியும் பார்த்தார். ரெஜினா ஒப்பவில்லை.

“கோயிலுக்குப் போறதுக்குப் பொய் சொல்லிட்டா போறது?” என்றார் என்னிடம், பூண்டை உரித்து உரித்துக் கூடையில் போட்டபடி. “பூண்டுக்கு வழி விட்டுருக்காங்க. உரிக்கிறவளுக்குத்தான் இல்ல.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, “ஆனா தண்ணி இப்பத்தாங்க தண்ணியாக் கெடக்கு. குடத்துக்குள்ள மீன்குஞ்சு வருது” என்றார்.

ஆற்றைச் சுற்றிக் காட்டச் சொல்லி இன்னமும் ஆட்கள் அடைக்கலராஜை அழைக்கிறார்கள். போர்டைக் காட்டுவார். யாரும் இல்லாத நேரத்தில் ஒருமுறை ரெஜினா அக்காவை ஏற்றிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று நானே கேட்டேன். கேட்டபிறகு வெட்கமாக இருந்தது.

“நான் ஒருக்கா ஏத்துனா நாளைக்கு நூறு பேரு ஏத்துவான் சார். போர்டு வெறுந்தகரமாப் போயிரும். நான் சொன்ன வார்த்தைல்ல அது?” ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குப் போகணும்னு இல்ல சார். கூட்டிட்டுப் போகணும். அம்புட்டுத்தான்.”

இந்த வருடக் கொடியேற்றம் வெள்ளிக்கிழமை விழுந்தது. ஜீப் கடக்கிற நாள். நான் அக்கரையில் இருந்தேன். மதியமே பட்டுச் சேலை கட்டி, கைத்தாங்கியை ஊன்றி ரெஜினா கரைக்கு வந்து நாற்காலியில் அமர்ந்துவிட்டார். எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அடைக்கலராஜ் ஜீப்பை அக்கரைக்குக் கொண்டுவந்து, பின்னால் எட்டு மூட்டைப் பூண்டை ஏற்றினார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஒன்றும் வைக்கவில்லை.

அக்கரையும் இக்கரையும் கேட்கும்படி காவலுக்கு நின்ற கந்தவேல் கூவினார். “அண்ணே, நான் போர்டைப் படிச்சுக்கிட்டு இருக்கேன். படிச்சு முடிக்கப் பத்து நிமிசம் ஆகும்.” சொன்னபடியே முதுகைக் காட்டி நின்றுகொண்டார், அன்றாடம் பார்க்கிற போர்டை அன்றுதான் எழுத்துக்கூட்டுபவர் மாதிரி.

அடைக்கலராஜ் இடப்பக்கக் கதவைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். ரெஜினா மறுத்துத் தலையை அசைக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், ஏற்றிவிடு மனுஷா என்றுதான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவர் கதவைச் சாத்தினார். ஏறி உட்கார்ந்து, தடம் மாறாமல் ஆற்றைக் கடந்து, பூண்டோடு ஜீப்பை இக்கரை மேட்டில் ஏற்றி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கற்களைக் காலால் தடவித் தடவி, வந்த வழியே திரும்ப நடந்து வந்தார். நாற்காலிக்கு முன்னால் வந்ததும் திரும்பி, ரெஜினாவுக்கு முதுகைக் காட்டி, மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏங்க, ஊரே பாக்குது” என்றார் ரெஜினா.

“பாக்கட்டும்.”

ரெஜினா என்னைப் பார்த்தார். கூடை வைத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார். முகம் புதுப்பெண்ணுக்குச் சிவப்பதுபோல் சிவந்தது. பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.