கிரகணத்தன்று ஆய்ந்த மீன்

சங்கரா மீன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது பாவம், காசிமேட்டுக் கடலில் பிடிபட்டு, ராயபுரத்தில் எங்கள் வீட்டு அருவாமனைக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் அது செய்த குற்றம். ஆனால் என் இடது கண்ணின் இமை பிறந்ததிலிருந்தே தொங்கிப்போய்ப் பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததற்கு அந்த மீன்தான் காரணம் என்று எனக்கு ஒன்பது வயது ஆகும்வரை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்ததாம். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி கத்தியைத் தொடக்கூடாது, தொட்டால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற வேதக்காரர்கள்தான். ஆனாலும் கிரகணத்தை மட்டும் யாரும் விட்டுவிடவில்லை. அன்றைக்குப் பார்த்து, ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிவிட்டுப் பசியோடு வந்த நைனா, மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அம்மா அருவாமனையை எடுத்தாள். குழம்பு நன்றாக இருந்தது என்று நைனாவே பல தடவை சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அதிகாரம் அத்தையுடையது. நைனாவின் அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கல்யாணம் ஆகாதவள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பெண்ணுக்குத் திமிர் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு புருவத்தையும் மேலே ஏற்றி, தாடையைத் தூக்கி அத்தை ஒருவரைப் பார்த்தால், தரையில் ஒட்டிக்கிடக்கும் மீன் செதிலைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அந்தப் பார்வை அதிகமும் அம்மாவின் மேல்தான் விழுந்தது.

"கிரகணத்துல அருவாமன மேல குந்திகினு மீன் ஆஞ்சவ இவ. புள்ள கண்ணு எப்டி தொறக்கும்? மாதா கால்ல வுயுந்துதான் ஆவணும்."

விழவும் வைத்தாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அம்மா தெருமுனையிலிருந்து மாதா கோயில் பீடம் வரைக்கும் முழங்காலால் நடக்க வேண்டும். கொதிக்கிற மணல். அம்மாவின் முழங்கால் தோல் உரிந்து சேலையில் ரத்தம் ஒட்டும். அத்தை பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு வருவாள். குடை அத்தைக்கு. நைனா பின்னால் தோஸ்துகளோடு பேசிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அம்மா காலில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை.

தெருவில் என் பெயர் தூங்குமூஞ்சி. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்து மதர் ஒருநாள் என் வலது கண்ணைக் கையால் மறைத்துக் கரும்பலகையைப் படிக்கச் சொன்னார். கரும்பலகை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மதர் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். இமை மறைத்து மறைத்து அந்தக் கண் பார்க்கவே பழகவில்லை, இப்படியே விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார்.

அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்.

"நாளைக்கி கண்ணாஸ்பத்திரிக்கி இட்டுகினு போறேன்."

"மாதாவுக்கு நேந்துவுட்ட புள்ள மேல கத்தி வெப்பியா?" என்றாள் அத்தை.

"போறேன் அண்ணி. வர்றவங்க வரலாம்."

அம்மா அத்தைக்குப் பதில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். மறுநாள் நாலு பேருமாக டிராம் ஏறினோம். தடுத்து நிறுத்தத்தான் அத்தை வந்தாள்.

டாக்டர் நல்ல உயரம், தலை நரைத்தவர். என் புருவத்தின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு, கீழே பார், மேலே பார் என்றார். நெற்றியை அவர் பிடித்துக்கொண்டதும் என் இமை கொஞ்சம்கூட ஏறவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்து விளக்கினார். இமையைத் தூக்குகிற தசைக்கு ஓரளவு பலம் இருந்தால், உள்ளே அதைக் கொஞ்சம் வெட்டிக் குட்டையாக்கித் தைத்துவிடலாம். இமை மேலே ஏறிவிடும். எனக்கு அந்தப் பலம் இல்லை. அதனால் இன்னொரு வழி. தொடையிலிருந்து நாடா மாதிரி ஒரு சவ்வை எடுத்து, தோலுக்கு அடியிலேயே ஓட்டி, இமையைப் புருவத்தோடு கட்டிவிடுவது.

"இந்தப் பொண்ணு ஏற்கெனவே நெத்தியாலதான் கண்ணைத் திறக்கப் பார்க்கிறா. நாம அதுக்கு ஒரு பிடி குடுக்கப்போறோம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. தூங்கும்போது கண் முழுசா மூடாது. ராத்திரி மருந்து போட்டுக்கணும்" என்றார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது சார். இது இவ பண்ண வேல. கிரகணத்துல மீன் ஆஞ்சா."

டாக்டர் அத்தையைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்தார். "அம்மா, நீங்க இப்படி வந்து உக்காருங்க" என்று சொல்லி, எனக்குச் செய்ததைப் போலவே அவள் புருவங்களின் மேல் இரண்டு கட்டை விரல்களையும் வைத்து அழுத்தினார். "இப்ப என்னைப் பாருங்க."

அத்தையின் இரண்டு இமைகளும் மெல்ல இறங்கிப் பாதிக் கண்ணில் நின்றன. ஊரையே மிரட்டிய முகம் அது. அத்தனையும் போய், என்னைப் போன்ற ஒரு தூங்குமூஞ்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"இது ரத்தத்துல வர்றது. இவங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கு, புருவத்தைத் தூக்கியே இத்தனை நாள் சமாளிச்சிருக்காங்க. மீனுக்கும் கிரகணத்துக்கும் இதுல வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் நைனாவிடம் கேட்டார். "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானா?"

நைனா தலையைச் சொறிந்தார். "ஆமா சார். சின்னதுல அக்காவ தெருவுல தூங்குமூஞ்சின்னுதான் கூப்புடுவாங்க. அதுக்கோசரம் எல்லார் கூடவும் அடிச்சிக்கும். பொறவு சரியாப் பூட்ச்சி."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். தெரிந்திருக்கிறது. மீன் கேட்டதும் அவர். அம்மா மணலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போனபோதெல்லாம் பின்னால் வந்ததும் அவர். ஆனால் அன்றைக்கு என் கோபம் முழுவதும் அத்தை மேல்தான் பாய்ந்தது. அத்தை குட்டுப்பட்டாள் என்று தெரு முழுக்கக் கத்திச் சொல்ல வேண்டும் என்று என் நாக்கு துறுதுறுத்தது. வெளியே வந்ததும் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். வீட்டிலும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. சாயங்காலம் எல்லோருமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அத்தைக்கு முதலில் சோறு போட்டாள். எனக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. தொடையில் ஒரு தையல், புருவத்தில் சின்னச் சின்னத் தையல்கள். கட்டு அவிழ்த்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு கண்கள் திறந்திருந்தன. ஆனால் இடது கண்ணுக்கு எழுத்து கலங்கித்தான் தெரிந்தது, இன்றும் அப்படித்தான். கொஞ்சம் சின்ன வயதிலேயே கொண்டு வந்திருந்தால் நல்ல பார்வை வந்திருக்கும் என்றார் டாக்டர். மாதாவிடம் மன்றாடப் போன அத்தனை வருஷங்களும் என் கண்ணிலிருந்து போனவை.

அத்தை என் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவத்துத் தையலை விரலால் தொட்டாள். டாக்டர் நகர்ந்ததும் நைனா பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"எனுக்கும் இத்த செய்வாங்களாடா?"

நைனா சத்தமாகச் சிரித்தார். "இந்த வயசுல உனுக்கு இன்னாத்துக்குக்கா? மாப்ள வந்து வாசல்ல நிக்கிறானா?"

தொடைக் கட்டை மாற்ற வந்த ஆயா சிரித்தாள். நான் சிரித்தேன். அத்தையும் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நைனாவை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

திரும்பும்போது டிராமில் கூட்டம் இல்லை. நைனா படியில் நின்று பீடி பிடித்துக்கொண்டு கண்டக்டரோடு பேசியபடி வந்தார். அத்தை எங்களுக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புருவத்தைத் தூக்கவில்லை. இமைகள் இறங்கிக் கிடந்தன, தலை டிராமின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"அத்தையப் பாரும்மா, தூங்கி வழியுது" என்றேன்.

"தூங்கல" என்றாள் அம்மா. எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அத்தனை வருஷமும் தன்னை முழங்காலால் நடக்கவைத்தவளின் பக்கத்தில் அம்மா ஏன் போய் உட்கார்ந்தாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. என் புதுக் கண்ணைக் காட்டுவதற்காக நான் படியில் நின்ற நைனாவிடம் ஓடினேன்.