ஆலா கொத்துன வெறும் எடம்

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா நக்கல் பண்ற மொத ஆளு நான்தாங்க. மைன்ஸ்ல பம்ப் பாக்குற காண்ட்ராக்ட் ஆளுக்கு அதுக்கெல்லாம் நேரமேது. நீங்களும் சிரிப்பீங்க, சிரிங்க, நான் கண்ணால பாத்தத சொல்றேன்.

எங்க நெய்வேலில வெட்டி முடிச்ச பழைய குழி ஒண்ணுல தண்ணி நின்னு ஏரியாட்டம் கெடக்கு. நடுவுல மண்ணு கொட்டுன மேடுங்க மட்டும் முழுகாம சின்னச் சின்னத் திட்டா நிக்கிது. மனுச நடமாட்டமே கெடையாது, கடலூர் கடக்கரையில திரியிற ஆலா இருக்கே, வெள்ளப் பறவை, அதுங்க வந்து முட்ட வெக்கிறதோட சரி. முட்ட இருக்கறப்ப கிட்ட போனா மண்டையில கொத்தும். எது ஒசரமோ அதத்தான் கொத்தும், அதனால நாங்க ஒரு கம்ப தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிகினுதான் எறங்குவோம், அது கம்ப கொத்திகினு கெடக்கும்.

அன்னிக்கு பட்டப்பகல், ஃபர்ஸ்ட் ஷிப்ட். பம்ப் குழாய் கட்டுன கயிறு ஒரு திட்டுல மாட்டிக்கிச்சு, எடுக்க சின்னப் படகுல போனோம். என் பொண்டாட்டியோட தம்பி சேவியர், எங்கூடதான் வேல, அவன் கம்ப எடுத்துகினு எறங்கினான், நான் படகப் புடிச்சிகினு நின்னேன். ஆலாங்க கத்திகினு கெளம்பிச்சு. பாதி அவன் கம்ப கொத்துது. மீதிப் பாதி, நம்புனா நம்புங்க, அவன் பக்கத்துல ஒண்ணுமே இல்லாத எடத்த கொத்துது, ஒரு ஆளு ஒசரத்துல. அவன் நடந்தா அந்த எடமும் கூடவே நவுருது, அவன் கயித்துக்குக் குனிஞ்சா அது மட்டும் குனியாம நிக்கிது. பயலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வூட்டுல அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன். கயிறு கெடக்கட்டும் வாடான்னு தொண்ட கிழியக் கத்துனேன்.

வந்தான். அவன் ஏறுனப்ப படகு ஒரு தடவ சாஞ்சிது. அவன் ஒக்காந்தப்புறம் இன்னொரு தடவ சாஞ்சிது. மாதாவேன்னு துடுப்பு போடுறேன். அவன் சாதாரணமா கேக்குறான்.

"தொணைக்கு ஆளு அனுப்பிட்டு ஏன் மாமா அவசரமா கூப்ட்டீங்க?"

நான் யாரயும் அனுப்பலங்க. அங்க இருந்ததே நாங்க ரெண்டு பேருதான்.

மறுநாளே அவன அந்த வேலைய வுட்டு நிறுத்தி வடலூர்ல ஒரு கடையில சேத்து வுட்டேன். ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா சாப்புடுறான், நல்லா தூங்குறான். வூடு இருக்கற வடக்குத்துலேருந்து தெனம் பைக்குல தனியாதான் போறான். ஆனா டேங்க் மேல ஏறுனாப்ல முன்னாடி ஒட்டி ஒக்காந்துகினு ஓட்டுறான். ஏன்டா இப்படின்னு போன வாரம் கேட்டுட்டேன், கேக்காமயே இருந்திருக்கலாம்.

"எடம் பத்தல மாமா"ங்கறான்.