வாய்க்காலில் போன ஷூ

எங்கள் குடும்பத்தில் ஷூ ஏறிய முதல் கால் என்னுடையது. நாமக்கல்லில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஷூ இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கடையில் இருந்ததிலேயே எடை குறைந்த கறுப்பு ஷூவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். அது மிதக்கும் என்பது பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் தெரிந்தது.

ஊர் வாய்க்கால் பாலத்தின் சுவரில் உட்கார்ந்து ஷூ போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமா. எனக்கு நாடா கட்டத் தெரியாது. வலதுகால் ஷூ நழுவித் தண்ணீரில் விழுந்து பாலத்துக்கு அடியில் போய்விட்டது. மறுபக்கம் ஓடிப் பார்த்தோம். நடுத்தூணைத் தாண்டிய தண்ணீர் சுழன்று நுரைத்துக்கொண்டிருந்தது. ஷூவைக் காணோம்.

மாமா லாரி ஓட்டுபவர். வழி தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

“அழுவாத மாப்ள. அது போன வழியிலதான் இதும் போவும். பின்னாலயே ஓடுனா ரெண்டையும் புடிச்சுப்போடலாம்” என்று இடதுகால் ஷூவையும் அதே இடத்திலிருந்து போட்டார்.

அது தூணுக்குப் பின்னால் பம்பரமாகச் சுற்றி, இடது கரை நாணலில் மாட்டியது. அங்கே ஜோடி இல்லை. எடுத்து வந்து மறுபடியும் போட்டார். இந்த முறை வலது கரைக்குப் போனது; அங்கிருந்தும் எடுத்து வந்தார். ஒரே இடம், ஒரே கை, ஒரே ஷூ.

“இந்தத் தண்ணிக்கு ரூட்டே தெரியல” என்று அதன்மேல் கோபப்பட்டார்.

அடுப்பெரிக்க ஒரு கூடை நிலக்கடலைத் தோலைச் சுமந்துகொண்டு அம்மா வந்தது அப்போதுதான்.

“ஏனுங்ணா, ஒண்ணு போனது பத்தாதுன்னு இருக்கறதையும் தொலைக்கறீங்களா?” என்று அவள் கூடையைச் சுவர்மேல் வைத்த வேகத்தில் அது கவிழ்ந்து, தோல் அத்தனையும் தண்ணீரில் கொட்டியது.

“அடுப்புக்கும் ஆச்சு போ” என்றார் மாமா.

ஒவ்வொரு தோலும் தனக்குத் தோன்றிய பக்கம் போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில், கீழே வளைவில் ஓரிடத்தில் தோல் திட்டாகச் சேர ஆரம்பித்தது.

“மாமா, அங்க பாருங்க! எல்லாம் ஒரே பக்கமா சேருது!”

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். “அம்முணி, இரு!” என்று மாமா பின்னாலேயே குதித்தார். மார்பளவுத் தண்ணீரில் தோலை விலக்கியபோது தேங்காய் மட்டை, யாருடையதோ ஒரு பந்து, நடுவில் என் வலதுகால் ஷூ.

இன்று நான் கோயம்புத்தூரில், பம்புகளுக்குள் தண்ணீர் எப்படிக் கொந்தளிக்கிறது என்பதைக் கணினியில் கணக்கிடுகிறேன். ஒரு துளி எங்கே போகும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். ஓராயிரம் துளிகளில் பெரும்பாலானவை எங்கே போய்ச் சேரும் என்று கேளுங்கள், தைரியமாகச் சொல்வேன். சின்னச் சுழிகளை ஒவ்வொன்றாகத் துரத்தாமல், எல்லாமாகச் சேர்ந்து சராசரியாக என்ன செய்கின்றன என்று பிடிப்பதுதான் எங்கள் கணினி மாதிரிகளின் வேலை. அன்று நான் நினைத்ததோ, தோலெல்லாம் என் ஷூவைத் தேடிப் போயிருக்கிறது என்று.

இன்னொன்றையும் தப்பாகத்தான் நினைத்தேன். தண்ணீரில் மாமா அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் கரைப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தார். ஷூவை யார் முதலில் எடுப்பது என்று அண்ணனும் தங்கையும் போட்டி போடுகிறார்கள் என்று எண்ணி, கரையில் நின்று கைதட்டினேன்.

அம்மாவுக்கு நீச்சல் தெரியாது.